ஐந்தாம் கூண்டுக்குக் கொடுத்த மாத்திரை

நான் முட்டை எண்ணுகிறவன். என்ன வேலை என்று யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லித் தொலைப்பேன். கல்யாணமான முதல் இரண்டு வருடம் என் மாமனார் நான் கோழிப்பண்ணையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். வரும்போது இரண்டு டஜன் கொண்டுவரக்கூடாதா மாப்பிள்ளை என்று ஒரு நாள் கேட்டும்விட்டார். நான் எண்ணுவது குரங்கு மலத்தில் இருக்கும் புழு முட்டைகளை என்று விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

ஆனால் இது என் கதை இல்லை, சாவியக்காவின் கதை. அதில் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு சொல் இருக்கிறது. அதனால் முழுதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாவியக்கா எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளைப் பராமரிக்கிறவர். பதினெட்டு வருட சர்வீஸ். இடுப்பில் ஒரு வளையம், அதில் பதினான்கு சாவிகள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவர் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை, விரல் தானாகப் போய் எடுக்கும். ஐந்தடிகூட இருக்க மாட்டார். ஆனால் தாழ்வாரத்தில் அந்தச் சாவிச் சத்தம் கேட்டால் எட்டுக் குரங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டில் கணவர் பஸ் டிப்போ மெக்கானிக், மகள் கல்லூரியில் கடைசி வருடம்.

காலை ஆறரைக்கெல்லாம் ரப்பர் பூட்ஸும் நீலக் கோட்டுமாக வந்து நிற்பார். முதல் வேலை, கூண்டுக்கு அடியிலிருக்கும் தட்டுகளை இழுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் எனக்கு வேண்டியதை டப்பாவில் போட்டு எண் ஒட்டி வைப்பது. அப்புறம் ஹோஸ் பைப்பால் தரை. அப்புறம் தீனி. கடைசியில் கூண்டுப் பதிவேடு. எங்கள் இடத்தில் அது சட்டம். கூண்டுக் கதவைத் தாண்டி உள்ளே போவது எதுவானாலும், ஒரு துண்டு வாழைப்பழமானாலும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத ஒன்று உள்ளே போனது தெரிந்தால் அந்தக் குரங்கை ஆராய்ச்சியிலிருந்தே விலக்கிவிடுவார்கள். சாவியக்காவின் பதிவேட்டில் பதினெட்டு வருடமாக ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கை கழுவினியா தம்பி?"

"கழுவினேன்க்கா."

"சோப்புப் போட்டா, சும்மா நனைச்சுக்கிட்டு வந்தியா?"

பிற்பாடு ஆராய்ச்சியை நடத்த வந்த டாக்டரைக்கூட விட்டதில்லை. சரியான சுத்தப் பைத்தியம் என்று நான் பின்னால் கேலி செய்துகொண்டிருந்தேன். என் வாயில் மண்ணைப் போட வேண்டும். மூன்றாவது வருடம்தான் காரணம் தெரிந்தது. தட்டைச் சுரண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கு மூத்த பொண்ணு ஒண்ணு இருந்துச்சு தம்பி. நாலு வயசு. வயிறு வலிக்குது வலிக்குதுன்னு அழுதுச்சு. வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். குடல் அடைச்சிருக்குன்னாங்க. என்ன அடைச்சிருக்குன்னு கேட்டேன். புழுன்னாங்க. பிடிபிடியா எடுத்தாங்க. ஆனா பிழைக்கல."

அவர் தட்டைக் கவிழ்த்துத் தட்டினார்.

"முன்னாடியே ஒரு மாத்திரை கொடுத்திருந்தா போதும்னாங்க. ஒரே ஒரு மாத்திரை. எனக்குத் தெரியல."

அந்தப் பிள்ளை போனதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுக்கு மூன்று பூச்சி மாத்திரை வாங்குவார். கணவருக்கு ஒன்று, இரண்டாவது மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மகள் இருபது வயதில் முகத்தைச் சுளித்தாலும் வாயைத் திறக்கச் சொல்லி முழுங்கினாளா என்று பார்ப்பாராம். இப்படிப்பட்ட பெண்மணிக்கு, உடம்புக்குள் தெரிந்தே புழுவை விடுகிற வேலை பிற்பாடு வந்து சேர்ந்தது. எப்படித் தாங்கினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

டாக்டர் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. நாற்பது வயதுப் பெண்மணி, நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே எழுதுவார், நின்றுகொண்டே சாப்பிடுவார். அவர் கொண்டுவந்த புழு குடலில் இருப்பதில்லை, ரத்தக் குழாய்க்குள் குடியிருக்கும். நத்தை இருக்கும் தண்ணீரில் காலை வைத்தால் போதும், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேருக்கு அது இருக்கிறது. மருந்து கொடுத்தால் செத்துவிடும். ஆனால் குணமான பிள்ளை மறுநாளும் அதே தண்ணீரில்தானே இறங்கும், மறுபடி வரும். எங்களிடம் இருந்த குரங்கு இனத்துக்கு மட்டும் ஒரு விசேஷம். புழு உள்ளே போய்ச் சில மாதம் ஆனதும் அதன் உடம்பே புழுவைப் பட்டினி போட்டுச் சாகடிக்கும். அதற்குப் பிறகு எத்தனை முறை விட்டாலும் ஒட்ட விடாது. அது எப்படி என்பதுதான் டாக்டரின் ஒரே கேள்வி. மூன்று வருடமாக அவருக்குத் தூக்கத்திலும் அதே பேச்சுத்தான் என்று நினைக்கிறேன்.

நத்தைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு விளக்கைப் போட்டால், வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுக்கத் தூசி மாதிரிக் குஞ்சுப் புழு இறங்கும். மயக்க ஊசி போட்ட குரங்கின் வயிற்றில் முடியை மழித்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை அரை மணி நேரம் தேக்கி வைப்போம். எண்ணித்தான் விடுவோம், ஒன்றுக்கு இருநூறு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். "படிச்சவங்க பண்ற வேலையப் பாரு" என்று முணுமுணுப்பார், டாக்டர் காதில் விழட்டும் என்றே.

எட்டில் ஐந்தாம் எண் ஒரு பெண் குரங்கு. ஒரு காது கிழிந்தது, மூக்குக்கு மேல் கோபம். நான் கிட்டே போனால் பிஸ்கட்டை எடுத்து முகத்திலேயே எறியும், குறியும் தப்பாது. ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அக்கா வர வேண்டும். அவர் "கையக் குடுடீ, ரொம்பத்தான் பிகு" என்று திட்டினால் கம்பி இடுக்கு வழியாகச் சமர்த்தாகக் கையை நீட்டும். குரங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. அக்கா அதை அஞ்சு, அஞ்சு என்று கொஞ்சுவதை டாக்டர் ஒரு நாள் பிடித்துவிட்டார்.

"பேர் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"பேரு எங்க மேடம் வச்சேன்? நம்பரத்தானே சொல்றேன்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஏழாவது வாரம் முட்டை வர ஆரம்பித்தது. பத்தாவது வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தலை சுற்றும். அஞ்சுவுக்குத்தான் அதிகம், ஒரே ஸ்லைடில் முந்நூறைத் தாண்டியது. மலத்தில் ரத்தம். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான் போனால் பிஸ்கட்டை எறியவில்லை. எறிந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அக்கா திட்டுவதையே நிறுத்திவிட்டார். அவர் திட்டாத அந்த ஒரு வாரம் குரங்கு வீடு முழுக்க ஏதோ இழவு விழுந்ததுபோல இருந்தது.

அடுத்த வாரம் முட்டை குறைந்தது. அதற்கடுத்த வாரம் தொண்ணூறு. பதினான்காவது வாரம் ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தேன், ஐந்துதான். மூன்று முறை எண்ணினேன், டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிறகு என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மற்றதுக்கெல்லாம் மெதுவாகக் குறைந்தது. அஞ்சுவுக்கு அடுத்தபடி இரண்டாம் எண். சில மாதம் கழித்து எட்டுக்கும் மறுபடி இருநூறு இருநூறு விட்டோம். ஆறு வாரம், எட்டு வாரம், பத்து வாரம். அஞ்சுவிடம் ஒரு முட்டைகூட இல்லை. நான் போனால் பிஸ்கட்டை எறிந்தது.

"அப்ப அது தேறிடுச்சுன்னு எழுதிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"எழுதியாச்சுக்கா. முதல் பேரு அதுதான்."

அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என்னைக் கை கழுவினாயா என்றுகூடக் கேட்கவில்லை. தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை என் தட்டில் தள்ளினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் வருவதற்கு முன்னால் எங்கள் கூடத்தில் காய்ச்சல் மருந்து சோதனைதான் நடந்தது, நான் அப்போது முட்டை எண்ணியது குரங்குகளின் வழக்கமான பரிசோதனைக்கு. அதில் தேறின குரங்கு பின்பக்கம் இருக்கும் வெளிக்கூண்டுக்குப் போகும். அது பெரிய இடம், மேலே வானம் தெரியும், ஏற மரக்கட்டை, தொங்கக் கயிறு எல்லாம் உண்டு. தேறாதது மேசைக்குப் போகும், அதாவது ஊசி போட்டுத் தூங்கவைத்து அறுத்துப் பார்ப்பார்கள். தேறினால் வானம், தேறாவிட்டால் மேசை. பல வருடம் இதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு அது மனப்பாடம். புதுத் திட்டம் நாற்பது பக்கம், டாக்டர் அறையில் பைண்டு செய்து இருந்தது. தட்டுக் கழுவுகிறவருக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை. யாரோ என்ன யாரோ, நானும்தான் காட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை கதவில் தாள் ஒட்டினார்கள். வியாழன், எண் ஐந்து. அவ்வளவுதான் அதில்.

அக்கா அதைப் படித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார், கையில் புது நைலான் கயிறு.

"எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி டிப்போல இருந்து பழைய டயர் ஒண்ணு கொண்டுவரச் சொல்லியிருக்கேன். வெளிக்கூண்டுல ஊஞ்சல் கட்டிடலாம். அஞ்சுக்குத் தொங்குறதுன்னா பைத்தியம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ஸ்லைடைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அது வெளிக்கூண்டு லிஸ்ட் இல்ல. மேசை லிஸ்ட்."

"போடா. அதுதான் தேறிடுச்சே."

"தேறினதாலதான்க்கா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். மலத்தில் முட்டை இல்லை என்றால் உள்ளே புழு செத்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முட்டை போடாமல் உயிரோடு இருக்கலாம். எத்தனை மிச்சம், எந்த நிலையில் மிச்சம் என்று தெரிய ரத்தக் குழாய் முழுவதையும் கழுவி எடுத்து எண்ண வேண்டும். அதற்கு நன்றாகத் தேறிய ஒன்று வேண்டும். எட்டில் ஒன்று போதும், அது அஞ்சு.

"நல்லாயிருந்தா கொல்வீங்களா?"

அக்கா கயிற்றை மேசையில் வைத்தார். கோட்டுப் பைக்குள்ளிருந்த சின்னப் பர்ஸை எடுத்து, அதிலிருந்து மடித்து மடித்து வைத்த ஒரு மாத்திரைக் கவரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒற்றை மாத்திரைக் கவர், காலி.

"அது தானாத் தேறல தம்பி. நான்தான் தேத்தினேன். அந்தப் பத்தாவது வாரம் அது வயித்தப் பிடிச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்துச்சே, எனக்கு எம்பொண்ணு உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு. என் பங்கு மாத்திரைய நான் முழுங்கல. பொடி பண்ணி வாழைப்பழத்துல வச்சுக் கொடுத்துட்டேன். தேறலைன்னா மேசைக்கு அனுப்பிடுவீங்களேன்னு பயந்துட்டேன்."

"பதிவேட்டுல?"

"வாழைப்பழம்னு மட்டும் எழுதினேன்."

பதினெட்டு வருடம் ஒரு அடித்தல் இல்லாத மனுஷி. ஸ்டூலில் உட்கார்ந்தேன். கவரைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தேன். படித்ததும் இன்னொரு அதிர்ச்சி. அதை எப்படி அவரிடம் சொல்வது என்றே தெரியவில்லை.

"அக்கா, இது குடல்ல இருக்கற புழுவுக்குக் கொடுக்கறது. அஞ்சுக்கு இருந்தது ரத்தத்துல இருக்கற புழு. இந்த மாத்திரை அதை ஒண்ணும் செய்யாது."

"பொய் சொல்லாத. கொடுத்த அடுத்த வாரமே குறைஞ்சுதே."

"எட்டுக்குமே அந்தச் சமயத்துலதான் குறைய ஆரம்பிச்சுது. அந்தக் குரங்கு ஜாதியே அப்படித்தான். அஞ்சு கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அது உடம்பு தானாவே புழுவை ஜெயிச்சிருக்கு."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"வேலை செஞ்சுதோ செய்யலையோ, உள்ள போச்சு இல்ல? எழுதாம போச்சு இல்ல?"

விலக்கிய குரங்கு மேசைக்கும் போகாது என்று அவர் கணக்குப் போட்டது எனக்குப் புரிவதற்குள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்துவிட்டார். நான் கவரோடு பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் நின்றுகொண்டேதான் எல்லாவற்றையும் கேட்டார். கவரை வாங்கிப் பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இந்த மாத்திரையால எந்த மாற்றமும் வந்திருக்காது. நீங்க இதை எழுதினா அஞ்சை விலக்கித்தான் ஆகணும். உங்க வேலையும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க. நான் கேட்காத மாதிரி இருந்துக்கறேன்."

"போகட்டும் மேடம்."

"உங்களுக்குப் புரியல. மாத்திரை சாப்பிட்டுக் குணமான பிள்ளைக்கு அடுத்த மழைக்குள்ள மறுபடி வருது. திரும்பத் திரும்ப வருது. கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, இருபது வயசுல சாகுறாங்க. அஞ்சுக்கு மறுபடி வரல பாருங்க. அது எப்படின்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு தடுப்பூசி செய்யலாம்."

"எனக்கும் ஒண்ணு போயிருக்கு மேடம். பிள்ளைங்க சாகட்டும்னா நான் சொல்றேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "ஆனா இதோட கையப் பிடிச்சுக்கிட்டு நான்தானே உட்கார்ந்திருந்தேன். ஜெயிச்சதுக்கா இதைக் கொல்லணும்?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பதிவேட்டைத் திறந்து, பழைய தேதிக்குப் போய், வாழைப்பழம் என்பதற்குப் பக்கத்தில் "பூச்சி மாத்திரை ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து, கோணலே இல்லை.

"சரி" என்றார் டாக்டர். "அஞ்சு வெளிக்கூண்டுக்குப் போகட்டும்."

டாக்டரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நினைத்திருந்தால் பதிவேட்டைப் பிடுங்கி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கதவில் ஒட்டிய தாளின் நகல் மேசையில் இருந்தது, பேனாவை எடுத்து அதில் ஐந்தை அடித்தார். அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினார்.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"அடுத்தபடி நல்லாத் தேறினது ரெண்டு."

இது எங்கள் மூவரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவன் நான். அக்காவுக்கு மட்டும் அது தெரியாது. அவர் முகத்தில் அப்போது என்ன நடந்தது என்று எழுதுவதற்கு எனக்குத் தெம்பில்லை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைப் பிடித்தார்.

"ரெண்டுக்கும் கொடுத்தேன்."

"அக்கா" என்றேன் நான்.

"மூணுக்கும் கொடுத்தேன். நாலுக்கும் கொடுத்தேன். எட்டுக்கும் கொடுத்தேன். எல்லாத்தையும் எழுதுறேன், குடுங்க."

டாக்டர் பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கவர் உங்க கையிலதானே இருக்கு. இவங்க வீட்டுக்கு எத்தனை மாத்திரை வாங்குவாங்கன்னும் உங்களுக்குத் தெரியும். கூண்டுக்குள்ள போனது எத்தனை?"

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதையெல்லாம் பெரிய நியாயம்போல் இங்கே அடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று வருட உழைப்பு, எட்டுக் குரங்கும் பட்ட வேதனை வீண், வயிறு வீங்கிய பிள்ளைகள், எல்லாமே வந்துபோனது. கூடவே இரண்டாம் எண் என்ன பாவம் செய்தது என்பதும் வந்தது. ஆனால் கடைசியில் வென்றது அவற்றில் எதுவுமே இல்லை. நான் எண்ணுகிறவன். எத்தனை என்று கேட்டால் எனக்கு இருப்பதைத்தான் சொல்ல வரும். அதைத் தவிர வேறொன்று வராது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"ஒண்ணு" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இடுப்பிலிருந்து சாவி வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நீலக் கோட்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை இரண்டு ஆட்கள் வலையோடு வந்தார்கள். இரண்டாம் எண் கூண்டின் உச்சிக்கு ஏறிக் கத்தியது. அது கத்தினதும் மற்றதெல்லாம் கத்தின. வலை ஒரு முறை விழுந்து நழுவியது, கம்பியில் இடித்து அதன் உதட்டிலிருந்து ரத்தம். டாக்டர் நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்றார். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். சாவிச் சத்தம் இல்லாததால் யாரென்று எனக்கு உடனே தெரியவில்லை.

"வலையக் கீழ போடுங்க" என்றார் அக்கா. "பயந்து சாகுது."

காவலாளி எப்படி உள்ளே விட்டான் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். எப்போதும்போலத் திட்டினார். "என்ன ஆர்ப்பாட்டம் இது? உதட்ட வேற உடைச்சுக்கிட்டயா? இறங்கு. கையக் குடு." சத்தம் அடங்கியது. இரண்டாம் எண் மெதுவாக இறங்கி வந்தது, கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டியது. அவர் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறி, அது கண்ணை மூடி, விரல் தளரும்வரைக்கும் விடவில்லை. பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

தட்டில் எண்ணியது நான்தான். இரண்டு தடவையுமாக உள்ளே விட்டது நானூறு. இருந்தது ஏழு. நூல் துண்டுபோலச் சுருங்கி, ஏழுமே செத்தது. இப்படி ஒரு முடிவுக்காகத்தான் டாக்டர் மூன்று வருடம் நின்றுகொண்டிருந்தார். நான் தட்டை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கதவைத் திறந்தார், கை முழுக்க கிரீஸ். வாசலில் ஓரமாக அந்தப் பழைய டயர் சாய்த்து வைத்திருந்தது. அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

"எத்தனை?"

"ஏழுக்கா. ஏழும் செத்தது."

"அப்ப அதுவும் ஜெயிச்சிருந்திருக்கு."

"ஆமாக்கா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னது நிஜம் தம்பி, நான் சொன்னதுதான் பொய். அது எனக்குத் தெரியும். உன்மேல தப்பு சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா மனசு ஒப்பல. உன்ன மன்னிக்க முடியல."

நான் டயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வெளிக்கூண்டில் நானே கட்டினேன். அஞ்சு அதில் ஏறித் தொங்கிக்கொண்டு என்னை நோக்கி பிஸ்கட்டை எறிந்தது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அக்காவை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டது டாக்டர்தான். அதே டாக்டர்தான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுக்கு ஜீப் அனுப்புகிறார். புழுவை ஜெயித்த ரத்தத்தில் என்ன இருக்கிறது, அது எத்தனை நாள் நிலைக்கிறது என்று பார்க்க அஞ்சுவின் ரத்தம் வேண்டும். அஞ்சு வேறு யாருக்கும் கையை நீட்டாது. அக்கா வருவார். "கையக் குடுடீ" என்பார். அது நீட்டும்.

பிறகு என் அறை வாசலில் வந்து நிற்பார். நான் அன்றைக்கு அஞ்சுவிடம் எடுத்த ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எத்தனை?"

"ஒண்ணும் இல்லக்கா."

தலையை ஆட்டிக்கொள்வார். தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், விரல் இடுக்கெல்லாம், நிதானமாக. பிறகு ஜீப்புக்குப் போய்விடுவார். கை கழுவினாயா என்று என்னைக் கேட்பதில்லை.